ஏசி ஓடுகிறது, காற்றும் வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை. மறுபடியும் கேஸ்தானா?

மேல்மாடிவாசி:

எல்லாருக்கும் வணக்கம். படுக்கையறையில் 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, வாங்கி ஆறாவது வருஷம் நடக்கிறது. இன்வெர்ட்டர் இல்லை, கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடி ஓடி நிற்கிற பழைய வகைதான். கேஸ் ஆர்32 என்று அவுட்டோர் ஸ்டிக்கரில் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். மத்தியானம் போட்டால் முதல் பத்து, பதினைந்து நிமிஷம் லேசாகக் குளிர்கிற மாதிரி இருக்கும், அப்புறம் வெறும் ஃபேன் காற்று. ரிமோட்டில் 24 வைத்தேன், 20 வைத்தேன், கோபத்தில் 16-உம் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது. அவுட்டோர் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்தேன், ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் போட்டால் பரவாயில்லை, தூங்கிவிடலாம்.

போன வருஷமும் வெயில் நேரத்தில் இதே கதை. ஒருத்தர் வந்து கேஸ் குறைந்திருக்கிறது என்று பைப்பை மாட்டி அடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் வெயில் தணிந்தது, பிரச்சினையும் மறந்துபோனது. இந்த வருஷம் வேறொருவருக்கு போன் போட்டால், பார்க்காமலேயே "கேஸ் போயிருக்கும் சார், வந்து போட்டுவிடுகிறேன்" என்கிறார். வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துபோகுமா? அவர் வருவதற்குள் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?


சும்மா பார்வையாளர்:

ரிமோட்டில் பனிப்பூப் படம் (அதுதான் குளிரூட்டும் மோடு) இருக்கிறதா, இல்லை தண்ணீர்ச் சொட்டா, காற்றாடியா? எங்கள் வீட்டில் இரண்டு நாள் எல்லாரும் வியர்த்து உட்கார்ந்திருந்தோம், கடைசியில் பார்த்தால் பையன் விளையாட்டாக மோடை மாற்றி வைத்திருந்தான். சிரிக்காதீர்கள், முதலில் அதைப் பாருங்கள்.


பழைய டெஸ்டர்:

இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் பெட்ரோல் இல்லை சார். எரிந்து தீராது, தேயாது. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஃபாக்டரியில் அடைத்த அதே கேஸோடு பதினைந்து வருஷம் ஓடிய மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் மேலே ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அதனால் "போட்டுவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்கே போச்சு?"

நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்து அவுட்டோர் பக்கம் போங்கள். பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய் உள்ளே போகும், ஒன்று சன்னம், ஒன்று தடிமன். இரண்டுக்கும் வால்வு இருக்கும், அந்த வால்வு தெரிகிற இடத்தில் பாருங்கள். பெரும்பாலான சின்ன ஸ்ப்ளிட்டுகளில் கேப்பிலரி (கேஸின் அழுத்தத்தை இறக்கிக் குளிர வைக்கும் மெல்லிய குழாய்) அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால் இரண்டு குழாயும் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும், குறிப்பாகத் தடிமன் குழாய் சில்லென்று தண்ணீர் கோத்து நிற்கும். சன்னமான குழாய் வால்வில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்து, தடிமன் குழாய் காய்ந்து கிடந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி அப்பியிருந்தால் கசிவு அங்கேதான், ஏனென்றால் கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் வெளியே வரும். இரண்டு குழாயுமே சாதாரண சூட்டில் இருந்தால் கதை வேறு, கம்ப்ரசரே ஓடாமல் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள், ராத்திரி குளிர்கிறது, பகலில் இல்லை. இது எனக்குக் கேஸ் மாதிரித் தோன்றவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


அடுக்களை அறிவியல்:

"குளிரவில்லை" என்பதை ஒரு எண்ணாகச் சொன்னால் வருகிறவர் கதை அளக்க முடியாது. சமையலுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டர் போதும். ஏசி ஓடிப் பதினைந்து நிமிஷம் ஆனதும் மேலே காற்றை உறிஞ்சும் இடத்தில் ஒரு தடவை, கீழே காற்று வெளியே வரும் வாய்க்குள் ஒரு தடவை வைத்து எடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது, அறைதான் சூட்டை அதிகமாக வாங்குகிறது. மூன்று நாலு டிகிரிதான் வித்தியாசம் என்றால் மெஷினில் கோளாறு. காற்றில் ஈரம் மிக அதிகமாக இருந்தால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், அதை விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. இன்டோர் மூடியைத் திறந்தால் காயில் (குளிர்கிற குழாய்ச் சுருள்) முழுக்க ஐஸ், ஃப்ரீசரில் பார்க்கிற மாதிரி. அந்த ஐஸே காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கேஸ் என்றார்கள். கடைசியில் பார்த்தால் உள்ளே நீளமாக உருளை மாதிரி ஒரு ஃபேன் இருக்கிறதே, அதன் இலை ஒவ்வொன்றிலும் கம்பளி போட்ட மாதிரி தூசி. ஃபில்டரைக் கழுவுகிறோம், அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. காற்று ஓட்டம் குறைந்ததும் காயில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி உறைந்துவிட்டது. டார்ச் அடித்துப் பாருங்கள், கையால் கீறி ஐஸை எடுக்காதீர்கள், காயில் தகடு பிளேடு மாதிரி இருக்கும், என் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஏசியை ஃபேன் மோடில் ஓட விட்டால் தானாக உருகும்.


வேகமாக ஒரு வார்த்தை:

மேல்மாடி என்கிறீர்கள். நேர் வெயில் கூரையில் இறங்கும். 1.5 டன் போதாது, 2 டன் மாற்றுங்கள்.


பழைய டெஸ்டர்:

மேலே சொன்ன நண்பருக்கு. டன் போதாவிட்டால் அறை 24-க்கு வராமல் 27-இல் நிற்கும், ஆனால் வாயிலிருந்து வருகிற காற்று எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். இவருக்குக் காற்றே வெதுவெதுப்பாக மாறிவிடுகிறதாம். நாலு வருஷம் குளிர்ந்த அறை அதற்கப்புறம் பெரிதாகிவிடாது.


மேல்மாடிவாசி:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. மோடு சரிதான், பனிப்பூதான் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஐஸ் இல்லை, உருளை ஃபேனில் கொஞ்சம் தூசி, கம்பளி அளவுக்கு இல்லை.

தெர்மாமீட்டர் வைத்தேன். போட்ட பத்தாவது நிமிஷம் உறிஞ்சும் இடத்தில் 32, வாயில் 23. நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தைந்தாவது நிமிஷம் எடுத்தால் மேலே 31, கீழேயும் 30. அதே போலக் குழாயும். முதலில் தொட்டபோது தடிமன் குழாய் குளிர்ந்து ஈரமாக இருந்தது. அரை மணி கழித்துப் போனால் காய்ந்துவிட்டது. உறைபனி எங்கேயும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. ஆனால் ஃபேன் அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தது, அதுதான் எனக்குக் குழப்பம். அவுட்டோர் ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை!


கெபாசிட்டர் பைத்தியம்:

அவுட்டோர் ஃபேன் ஓடுவதும் கம்ப்ரசர் ஓடுவதும் ஒன்றில்லை சகோ. பெட்டிக்குள் இரண்டும் தனித்தனி மோட்டார். ஒரே வேக மெஷினில் கம்ப்ரசர் சூடேறினால் அதன் தலையில் (சிலவற்றில் உள்ளேயே) இருக்கும் ஓவர்லோடு என்கிற பாதுகாப்பு சுவிட்ச் அதை மட்டும் வெட்டிவிடும், ஃபேன் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், இன்டோருக்கு எதுவும் தெரியாது. வெளியே நின்று பார்ப்பவருக்கு ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இல்லை என்றால் ஒரு திருட்டு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வழி. வீட்டுக் கரண்ட் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்மினுக்கென்று துடிக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். என் மீட்டரில் 3200. மற்ற எல்லாவற்றையும், முக்கியமாக ஃபிரிட்ஜை, அணைத்துவிட்டு ஏசியை மட்டும் ஓட விடுங்கள். கம்ப்ரசரோடு சேர்த்து 1500 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிக்கு 4800 துடிப்பு, நிமிஷத்துக்கு 80. வெறும் இரண்டு ஃபேன் மட்டும் ஓடினால் 100 வாட் சுமார், நிமிஷத்துக்கு அஞ்சு துடிப்புதான் வரும். 80-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணாலேயே தெரியும், மீட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்.


இன்வெர்ட்டர்காரன்:

குறுக்கே ஒரு விஷயம், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. இன்வெர்ட்டர் ஏசியில் இந்தத் துடிப்புக் கணக்கு நேராகப் பொருந்தாது, அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வாட்டும் இறங்கும், அது நோய் இல்லை. அதில் கோளாறு வந்தால் பெரும்பாலும் இன்டோர் விளக்கு ஏதோ ஒரு கணக்கில் மினுக்கும் அல்லது எண் காட்டும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கையேட்டில் தேடுங்கள். அப்புறம் எந்த வகையானாலும், அணைத்து உடனே போட்டால் மூன்று நிமிஷம் வரை கம்ப்ரசர் எழாது, அது பாதுகாப்புக்கு வைத்த தாமதம். என் மாமா அந்த மூன்று நிமிஷத்துக்குள் நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டு "கெட்டுப்போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்.


மேல்மாடிவாசி:

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பரவாயில்லை.

மத்தியானம் இரண்டு மணி. எங்கள் மீட்டரிலும் 3200 என்றுதான் போட்டிருக்கிறது. ஏசி போட்டதும் நிமிஷத்துக்கு 84 துடிப்பு. மெதுவாக ஏறிக்கொண்டே போனது, பத்தாவது நிமிஷம் 95, பதினாலாவது நிமிஷம் 104. பதினேழாவது நிமிஷம் வெளியே "டக்" என்று ஒரு சத்தம், துடிப்பு அப்படியே விழுந்தது, நிமிஷத்துக்கு 5. நாற்பது நிமிஷம் அப்படியே இருந்து மறுபடி கம்ப்ரசர் எழுந்தது, இந்தத் தடவை ஒன்பதே நிமிஷம், மறுபடி டக்.

இன்னொன்றும் கவனித்தேன். அவுட்டோர் ஃபேனின் இறக்கைகளைக் கண்ணால் எண்ண முடிகிறது. மூன்று இறக்கை. வேகமாகச் சுற்றினால் அது வட்டமாகத்தானே தெரிய வேண்டும்? அதன் முன்னால் கையை நீட்டினேன், காற்று வருகிறது, ஆனால் தள்ளவில்லை. கம்ப்ரசர் நிற்பதற்கு முன்னால் பெட்டியைத் தொட்டேன், கை வைக்க முடியாத சூடு.


பழைய டெஸ்டர்:

சார், பாதி வேலையை முடித்துவிட்டீர்கள்.

84-லிருந்து 104-க்கு ஏறியது என்கிறீர்களே, அதுதான் மொத்தக் கதையும். கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசருக்குத் தள்ள ஆளே இல்லை, கரண்ட் குறைவாக எடுக்கும். 230 வோல்ட்டில் 1.5 டன்னுக்கு ஏழு ஆம்பியர் சுற்றி இருக்க வேண்டியது நாலு ஆம்பியரில் நிற்கும். உங்களுடையது நேர் எதிர். 104 துடிப்பு என்றால் 1950 வாட். அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கம்ப்ரசர் மூச்சுத் திணறித் தள்ளுகிறது, கடைசியில் சூடு தாங்காமல் ஓவர்லோடு வெட்டுகிறது. இரண்டாவது தடவை ஒன்பது நிமிஷத்தில் விழுந்ததும் அதனால்தான், முழுக்க ஆறாமலேயே எழுந்துவிட்டது.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட், அந்தக் காலத்தில் ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை வாங்குமோ அந்த அளவு. 1.5 டன் என்றால் அறையிலிருந்து 5.3 கிலோவாட் சூட்டை உறிஞ்சி எடுக்கிறது. அதோடு கம்ப்ரசர் தின்கிற 1.5 கிலோவாட்டும் சூடாகத்தான் மாறும். ஆக அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து ஏழு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூட்டை வெளியே தள்ள வேண்டும், அதைத் தள்ளுவது அந்த ஒரே ஒரு ஃபேன். இறக்கையை எண்ணுகிற வேகத்தில் அது சுற்றினால் சூடு எங்கே போகும்? ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் அந்த அரை வேகமே போதுமாக இருக்கிறது. மத்தியானம் போதவில்லை.

ஃபேன் மெதுவாகச் சுற்ற மூன்று காரணம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபேன் கெபாசிட்டர் (மோட்டார் சுழல உதவும் சின்ன மின் பாகம்) பலவீனமாகிவிடும், அல்லது மோட்டார் பேரிங் காய்ந்துவிடும், இல்லையென்றால் வோல்டேஜே குறைவாக வரும். எம்சிபியை (ஏசி லைனின் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு, இன்டோரும் முழுக்க அணைந்ததை உறுதி செய்துகொண்டு, ஃபேனை ஒரு குச்சியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். சரளமாக இரண்டு மூன்று சுற்று சுற்றி நின்றால் பேரிங் நல்லது, சொரசொரவென்று உடனே நின்றால் மோட்டார். அதற்கு மேல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

பின்பக்கத் தகடுகளையும் பாருங்கள். ஃபேன் முன்னால் தெரியும், அழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் கழுவியிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.


கெபாசிட்டர் பைத்தியம்:

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. ஃபேன் கெபாசிட்டர் சின்னது, இரண்டு முதல் நாலு மைக்ரோஃபாரட்டுக்குள் இருக்கும். கம்ப்ரசருக்கு உள்ளது பெரிய உருளை, இந்த அளவு ஏசியில் 35-லிருந்து 50 வரை பார்த்திருக்கிறேன். மேலே எழுதியிருக்கும் அளவிலிருந்து அஞ்சு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். மீட்டரில் கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதி இருந்தால் அஞ்சு நிமிஷ வேலை, இரண்டு திருகு, இரண்டு வயர். வயர் எது எதில் இருந்தது என்று முதலில் போட்டோ எடுங்கள்.


பழைய டெஸ்டர்:

தம்பி, அஞ்சு நிமிஷ வேலை என்று எழுதாதீர்கள். கரண்டை நிறுத்தின பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், அதைத் தொட்டு மாடி ஓரத்திலிருந்து கை உதறிப் பின்னால் சாய்ந்த ஒரு பையனை நான் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவுட்டோர் எங்கே மாட்டியிருக்கிறது, நிற்க இடம் இருக்கிறதா, ஒன்றும் நமக்குத் தெரியாது. இவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார், மீதியைச் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும்.


கெபாசிட்டர் பைத்தியம்:

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடக் கூடாது என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.


பழைய டெஸ்டர்:

மேல்மாடி சார், ஒன்று விட்டுப்போனது. போன வருஷம் கேஸ் அடித்தவர் தராசு கொண்டுவந்தாரா? அதாவது சிலிண்டரைத் தராசில் வைத்து இத்தனை கிராம் போகிறது என்று பார்த்துப் போட்டாரா, இல்லை கேஜில் முள்ளைப் பார்த்து "போதும்" என்றாரா? போன வருஷமும் இதே ஃபேன்தான் பிரச்சினை, கேஸ் குறையவே இல்லை என்று வைத்துக்கொண்டால், அவர் நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றியிருக்கிறார். கேஸ் அதிகமானாலும் அழுத்தம் ஏறும், இதே மாதிரி டக்கென்று விழும். ஸ்டிக்கரில் கேஸ் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், குறித்து வையுங்கள்.

கசிவு இருந்தால் சோப்பு நுரையிலோ நைட்ரஜன் அடித்தோ கண்டுபிடித்து அடைத்துவிட்டு, வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தின் அளவு) கீழே இறக்கி அது அங்கேயே நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசு வைத்துப் போடுவதுதான் முறை. வேக்யூம் என்ற வார்த்தையே தெரியாத மாதிரி ஒருவர் பார்த்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதை அறைக்குள் திறந்து விட்டுக்கொண்டோ, கேஸ் உள்ளே இருக்கும்போதே பற்றவைப்பு விளக்கை நீட்டிக்கொண்டோ வேலை செய்பவரையும் அனுப்பிவிடுங்கள், அவருக்கு டீகூட வேண்டாம்.


அடுக்களை அறிவியல்:

அவுட்டோருக்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அழகுக்காக அதைச் சுற்றி மரப்பட்டை வேலி கட்டினார்கள், அது விட்ட சூட்டை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது.


மேல்மாடிவாசி:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆளைத் தேடவே இரண்டு நாள் போய்விட்டது. போனில் மூன்று பேரிடம் "தராசு, வேக்யூம் பம்ப் இரண்டும் கொண்டு வருவீர்களா" என்று மட்டும் கேட்டேன், இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள், மூன்றாமவர் "அது இல்லாமல் எப்படி சார் வேலை செய்ய முடியும்" என்றார், அவரையே வரச் சொன்னேன்.

வந்ததும் என் துடிப்புக் கணக்குச் சீட்டைக் காட்டினேன். சிரித்தார், ஆனால் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். 9 ஆம்பியருக்கு மேல் போய் விழுந்தது. ஃபேன் கெபாசிட்டர் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, அளந்தால் 1.3. பேரிங் நன்றாகவே இருக்கிறது. புதிதாக ஒன்று மாட்டியதும் ஃபேன் போட்ட சத்தத்தில் புறா ஒன்று பறந்துபோனது, இறக்கை கண்ணுக்குத் தெரியவில்லை.

பின்பக்கம் பற்றிப் பந்தயம் கட்டினீர்களே, ஜெயித்துவிட்டீர்கள். தகடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை, ஓரத்தில் அதை உரித்தால் துணி மாதிரி முழுசாக வந்தது. கரண்ட் பெட்டியை மூடி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். நான் காரைக் கழுவும் பிரஷர் பம்ப் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்றேன். தகடு மடிந்துவிடும், அப்புறம் காற்றே போகாது என்று தடுத்துவிட்டார்.

இதற்கு அப்புறமும் மத்தியானம் 8.2 ஆம்பியர் காட்டியது, ஸ்டிக்கரில் இருப்பது 7.1. அவருக்கு மனசு ஒப்பவில்லை. கேஸை எடுத்துச் சிலிண்டரில் ஏற்றி எடை போட்டார். ஸ்டிக்கரில் 800 கிராம். வெளியே வந்தது 965. போன வருஷம் வந்தவர் தராசு கொண்டுவரவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது, முள்ளைப் பார்த்துத்தான் தலையாட்டினார். கேஸ் அடித்த வால்வின் பித்தளை மூடியையும் அவர் திருப்பி மாட்டாமல் போயிருக்கிறார், அது அவுட்டோருக்கு மேலேயே துருவோடு இல்லாவிட்டாலும் தூசியோடு ஒரு வருஷமாகக் கிடந்திருக்கிறது. கேஸை எடுப்பதற்கு முன்பே சோப்பு நுரை வைத்துப் பார்த்திருந்தார், கசிவு எங்கேயும் இல்லை. மூடியைத் துடைத்து மாட்டினார். வேக்யூம் போட்டு, கால் மணி நேரம் பேசாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் தராசில் 800 கிராம் ஏற்றினார்.

இப்போது மத்தியானம் இரண்டு மணிக்கு 7.2 ஆம்பியர். தெர்மாமீட்டர் மேலே 29, கீழே 18. துடிப்பு நிமிஷத்துக்கு 86, ஒரு மணி நேரம் பார்த்தேன், ஏறவில்லை. 26-இல் வைத்தே நேற்று ராத்திரி போர்வை தேடினோம்.

ஒரே ஒரு சந்தேகம். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்கிறது, நாலைந்து நிமிஷத்தில் மறுபடி எழுகிறது. முன்பு இவ்வளவு அடிக்கடி நின்று எழுந்ததாக ஞாபகம் இல்லை. இது சரிதானா, இல்லை சென்சாரையும் பார்க்கச் சொல்லட்டுமா?


பழைய டெஸ்டர்:

முன்பு அது ரிமோட்டில் வைத்த டெம்பரேச்சரை எட்டியதே இல்லையே சார், நிற்க வாய்ப்பு எங்கே? ஆனால் சென்சாரை ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஃபில்டருக்குப் பின்னால் காயில் முன்பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிளிப்பில் கறுப்பு மணி மாதிரி தொங்கும். அது அறைக் காற்றின் சூட்டைப் பார்க்கிறது. சர்வீஸில் கிளிப்பிலிருந்து நழுவிக் காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று ஏமாந்து சீக்கிரமே வெட்டிவிடும். கரண்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கிளிப்பில் தனியாக, காயிலிலிருந்து விலகி நின்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.


மேல்மாடிவாசி:

பார்த்தேன். தொட்டுக்கொண்டுதான் இருந்தது. கிளிப்பில் திருப்பி மாட்டினேன், இப்போது பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிற்கிறது. ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாயிற்று.